பூவும் பாட்டும் சாதியும்

வேதநாயகர் என்ற பெயரைக் கேட்டதும் சோழ நாட்டுக் கத்தோலிக்கரின் நினைவுக்கு வருபவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. 1879இல் வெளியான பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர் நம்மவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அவருக்கு அரை நூற்றாண்டு முன்னரே பிறந்து, தஞ்சையில் வாழ்ந்து, தஞ்சையிலேயே 1864இல் கண்மூடிய இன்னொரு வேதநாயகரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியாரின் பெயர் நம்முடைய ஞாயிறு மறையுரைகளில் வருவதில்லை. பங்கு நூலகங்களில் அவர் நூல்களைக் காண்பதும் அரிது. "அவர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர், அவர்களே பார்த்துக் கொள்ளட்டும்" என்று நாம் இருந்துவிடுகிறோம்.

சாஸ்திரியாரைப் பற்றிப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். கிறிஸ்தவ இலக்கிய மேடைகளிலும் மலர்களிலும் அவர் போற்றப்படுகிறார். ஆனால் அங்கே போற்றப்படுவது பாதி வேதநாயகரே. மறுபாதியைச் சொன்னால் கவிஞரின் புகழுக்குக் குறை வந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள் போலும். படிக்காமலே ஒதுக்குகிறவர்களோடும், பாதியை மறைத்துப் போற்றுகிறவர்களோடும் நமக்கு ஒரே வழக்குத்தான் உண்டு. இவரை முழுமையாகப் படிக்க வேண்டும். அவ்வாறு படிப்பது அவருடைய சபையாரைவிட நமக்கே அதிகத் தேவை என்பதையே இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் அவர் வரலாறு. 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். தந்தையார் சைவ வெள்ளாளர். கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து தேவசகாயம் என்னும் பெயர் பெற்றவர். பின்னர் சீர்திருத்தச் சபைக்குச் சென்றவர். ஆக, அந்தக் குடும்பம் கிறிஸ்துவிடம் வந்தது நம் திருச்சபையின் வாசல் வழியாகத்தான். "அவர் நமக்கு யார்?" என்று கேட்பவர்கள் இதை முதலில் நினைவிற்கொள்வார்களாக.

சிறுவன் வேதநாயகத்தின் அறிவுக் கூர்மையைக் கண்டு தஞ்சைக்கு அழைத்து வந்தவர் ஸ்வார்ட்ஸ் ஐயர். பின்னாளில் தஞ்சை மன்னரான சரபோஜியும் அதே ஸ்வார்ட்ஸின் பராமரிப்பில் வளர்ந்தவர்தான். 1798இல் ஸ்வார்ட்ஸ் இறந்த பிறகு அவருக்காக மன்னர் செய்வித்த சலவைக்கல் சிற்பம், சிவகங்கைத் தோட்டத்தின் அருகிலுள்ள ஆலயத்தில் இன்றும் இருக்கிறது. வேதநாயகம் தரங்கம்பாடியிலும் கல்வி பயின்றார். இருபது வயதை எட்டுவதற்குள் தஞ்சைப் பள்ளியொன்றின் தலைமையாசிரியரானார். ஒருபுறம் தமிழ்ப் புலமை. மறுபுறம் வேதாகமம், பூகோளம், வானநூல். சரபோஜியின் தஞ்சையில் இவையெல்லாம் ஓரிடத்தில் கூடியிருந்தன. அந்தக் கூட்டுறவில் விளைந்தவையே இவருடைய நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள்.

1800ஆம் ஆண்டைச் சேர்ந்தது பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சியின் அமைப்பைத் தமிழர் அறிவர். தலைவன் உலா வருவான். கண்ட தலைவி காதல் நோயுறுவாள். மலைநாட்டுக் குறத்தி வந்து, கை பார்த்து, குறி சொல்லிப் பரிசு பெறுவாள். அவளைத் தேடிக் கொண்டு பறவை பிடிக்கும் சிங்கன் வருவான். குற்றாலத்து இறைவனை வைத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய நாடகத்தை அறியாதார் யார்? அந்தச் சட்டத்துக்குள் சாஸ்திரியார் கிறிஸ்துவைத் தலைவனாக்கினார். சீயோன் மகளாகிய திருச்சபை தேவமோகினி என்னும் பெயரில் தலைவியானாள். குறி சொல்லும் குறத்தியை விசுவாசமாக்கினார். சிங்கன் பிடிக்கும் பறவைகள் ஆன்மாக்களாயின. குறத்தி நாடு நகரங்களைச் சொல்லுமிடத்தில் புதிய பூகோளமும், சூரியனை நடுவில் வைத்த கோப்பர்னிக்கசின் வானநூலும் வந்து புகுந்துகொண்டன. மேல்நாட்டு அறிவையும் தமிழ்க் கூத்தையும் விவிலியத்தையும் ஒரே பாட்டில் இசைய வைத்த கவிஞர் அந்நாளில் வேறு எவர் இருந்தார்?

இவ்வளவும் மேடைகளில் சொல்லப்படுகிறது. சொல்லத் தகுந்ததுதான். இனி, சொல்லப்படாததற்கு வருவோம்.

ஸ்வார்ட்ஸ் காலத்து மிஷனரிமார் மறைந்து, 1820களில் இளைய மிஷனரிமார் தஞ்சைக்கு வந்தனர். பழைய வழக்கங்கள் பலவற்றை மாற்றத் தலைப்பட்டனர். எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களின் பேனாவாக விளங்கியவர் சாஸ்திரியார். 1829இல் சாதிக் கிறிஸ்தவர்களின் பெயரால் எழுதப்பட்ட விண்ணப்பம் புதியவர்கள் செய்த நான்கு கொடுமைகளை எடுத்துரைத்தது. பப்ரிசியஸ் ஐயர் தமிழாக்கிய வேதாகமத்தை மாற்றுகிறார்கள் என்பது ஒன்று. திருமணம் முதலிய சடங்குகளில் பூக்களை விலக்குகிறார்கள் என்பது ஒன்று. ஆலயத்தில் தமிழ் இசையையும் தமிழ்ப் பாடல்களையும் தடுக்கிறார்கள் என்பது ஒன்று. நான்காவது? சாதியாரையும் பறையரையும் ஒன்றாகக் கலக்க வற்புறுத்துகிறார்கள் என்பது.

முதல் மூன்றையும் படிக்கும்போது நமக்கு அவர்மீது அன்பு பெருகுகிறது. பூவில்லாத தமிழ்த் திருமணம் ஒன்று உண்டா? தன் தாய்மொழியின் பண்ணில் இறைவனைப் பாடக்கூடாது என்று சொல்ல வந்தவர் யார்? நம்முடைய திருச்சபை 1963இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய ஏட்டில், மறைபரப்பு நாடுகளின் இசை மரபுக்கு வழிபாட்டில் உரிய இடம் தர வேண்டும் என்று அறிவித்தது. அதற்கு நூற்றுமுப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு தமிழ்க் கவிஞர் தஞ்சையில் அதற்காகப் போராடினார். மிஷன் வேலையையும் இழந்தார். வேலையிழந்தவருக்கு அரண்மனையில் இடமளித்து ஆதரித்தவர் சரபோஜி.

ஆனால் நான்காவது கோரிக்கை அதே விண்ணப்பத்தில், அதே பண்பாட்டின் பெயரால், பூவுக்கும் பாட்டுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதைக் கண்டு நாம் கண்ணை மூடிக்கொள்ளலாமா?

சாஸ்திரியாரின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். சாதி என்பது உலக ஒழுங்கு. அது மறையைச் சேர்ந்ததன்று என்பது அவர் கட்சி. ஐரோப்பியரிடையே உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற வேறுபாடு இல்லையா என்பது அவர் கேள்வி. ஆள்கின்ற இனத்தைச் சேர்ந்த குருமார், தங்கள் நாட்டு வேற்றுமைகளைத் தங்களோடு வைத்துக்கொண்டு, நம் நாட்டு வேற்றுமைகளை மட்டும் பாவம் என்றது அவருக்கு எரிச்சலூட்டியது. அந்த எரிச்சலில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம்.

எனினும், பிறர் தவறு நம் தவறை நீதியாக்குமா? உலக ஒழுங்கு ஆலயத்தின் வாசலோடு நின்றுவிட்டிருந்தால் அவர் வாதத்துக்கு ஓரளவு இடமிருந்திருக்கும். அது உள்ளே வந்தது. ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது, ஆண்டவருடைய பந்திக்கு யார் யாரோடு வருவது என்பதே அங்கு வழக்காயிற்று. கொரிந்து நகரத்தில் வசதியுள்ளவர்கள் தங்கள் உணவைத் தாங்கள் முந்தி உண்டு, இல்லாதவர்களை வெட்கப்படுத்தினார்கள். அப்போது பவுல் அடிகளார் அவர்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் பதினோராம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். அங்கும் இருந்தது ஓர் உலக ஒழுங்குதான். அதை அவர் ஊர் வழக்கம் என்று விட்டுவிடவில்லை. ஆண்டவரின் உடலை உணராமல் உண்கிற குற்றம் என்றே கண்டார்.

சாஸ்திரியாரை மறுக்க நாம் பவுல் அடிகளாரிடம் போக வேண்டியதுகூட இல்லை. அவருடைய பாட்டே அவருடைய விண்ணப்பத்தை மறுக்கிறது. பெத்லகேம் குறவஞ்சியில் உண்மையை அறிந்தவள் யார்? மாளிகையில் இருக்கும் தலைவி அல்லள்; காடும் மலையும் திரிந்து, கூடை சுமந்து, நாடோடியாக வரும் குறத்தி. அவள் தலைவியின் கையைப் பிடிக்கிறாள். பிடித்தால்தான் குறி சொல்ல முடியும். அந்தக் கையில் தீட்டு ஒட்டிக்கொண்டதாகக் கவிஞர் பாடவில்லை. அவளுக்கு அவர் இட்ட பெயர் விசுவாசம். பறவை பிடிக்கும் அவள் கணவனுக்கு அவர் கொடுத்த பணி, ஆன்மாக்களைச் சேர்க்கும் திருத்தூதர் பணி. இவ்வளவு பெரிய இடத்தைக் குறவர்க்குப் பாட்டில் கொடுத்த கை, பந்தியில் பறையர்க்கு இடம் மறுத்து எழுதியது எப்படி?

இன்னொன்றும் உண்டு. ஞான ஏற்றப்பாட்டு என்று அவர் ஒரு நூல் செய்தார். ஏற்றப்பாட்டு என்பது ஏட்டில் பிறந்த இலக்கியம் அன்று. விடியற்காலையில் ஏற்றத்தின் மேல் ஏறி மிதித்தவர்களும், கீழே நின்று சால் பிடித்து நீர் கொட்டியவர்களும், களைப்புத் தெரியாமலிருக்கவும் எண்ணிக்கை தவறாமலிருக்கவும் பாடிய பாட்டு அது. காவிரிப் படுகையின் வயல்களில் அந்த உழைப்பு யாருடையது? நடவும் களையெடுப்பும் அறுப்பும் யாருடையவை? மிராசுதார்களுடையவை அல்ல. பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்த பள்ளரும் பறையரும் பாடுபட்ட வயல்கள் அவை. 1952இல் சட்டம் வந்துதான் தஞ்சைப் பண்ணையாட்களுக்கு ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது. அதற்குப் பின்னும் 1968இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் நாற்பத்து நான்கு உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரிந்தன. அது டிசம்பர் 25ஆம் நாள் இரவு. பெத்லகேமின் குழந்தைக்கு நாம் தாலாட்டுப் பாடிய இரவு.

ஏற்றம் இறைத்தவனின் மெட்டை ஞானப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டோம். அந்த மெட்டுக்கு உரியவனை ஆண்டவர் பந்தியில் அருகில் உட்கார வைக்க நமக்கு மனமில்லை. 1829ஆம் ஆண்டு விண்ணப்பத்தின் வேதனை இதுதான். "எங்கள் பண்பாடு" என்று நாம் சொல்லும்போது அதில் யாருடைய பாட்டு இருக்கிறது, யாருடைய இடம் இல்லை என்று கேட்காவிட்டால், அந்தச் சொல் சாதிக்குப் போர்த்திய பட்டாடையாகிவிடும்.

இதைப் படிக்கும் கத்தோலிக்கர் சிலர், "சீர்திருத்தச் சபையார் இப்படித்தான்" என்று உள்ளூர மகிழக்கூடும். அந்த மகிழ்ச்சிக்கு நமக்கு உரிமை கிடையாது. வீரமாமுனிவர் தேம்பாவணி பாடியதோடு, லுத்தரானியரை மறுத்து வேதவிளக்கமும் எழுதினார். அந்த மறுப்பு நூல்களின் காலத்திலேயே நம் மதுரை மறைத்தளத்தில் நடந்தது என்ன? மேல்சாதியாரிடம் செல்ல ஒரு வகைக் குரு, மற்றவர்களிடம் செல்லப் பண்டாரசாமி என்ற ஏற்பாடு நம்முடையது. புனித அருளானந்தரும் பண்டாரசாமியாகவே உழைத்தார். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் மலபார் சடங்குகளைப் பற்றிய வழக்கை முடித்துவைத்தபோதும், பறையர்க்கென்றே தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாடு இடம் பெற்றது. நோக்கம் நல்லதாக இருந்திருக்கலாம். சாதியாரின் வீட்டுக்குள் நுழைந்த குரு சேரிக்குள் நுழையக்கூடாது என்பதற்கு நற்செய்தியில் எந்த அதிகாரம் சான்று?

வடக்கன்குளத்துக் கோவிலை எண்ணிப் பாருங்கள். சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டப்பட்டு, நடுவில் சுவரும் எழுப்பப்பட்ட ஆலயம் அது. இறைமக்கள் ஒரே பீடத்தை நோக்கி, ஒருவரையொருவர் காணாமல் மண்டியிட்டார்கள். 1910இல் சேசு சபைக் குருக்கள் அந்தச் சுவரை இடித்தபோது நன்றி கூறுவதற்குப் பதிலாக நம்மவரில் ஒரு பகுதியினர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், வழக்கில் தோற்றார்கள். அவர்கள் கையிலும் இருந்தது இதே வாதம்தான்: முன்னோர் வழக்கம், ஊர் மரபு, எங்கள் உரிமை.

சுவர்கள் யாவும் இடிந்துவிட்டனவா? 2003இல் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சாதி வேற்றுமையைக் கண்டித்துரைத்தார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனியொரு கொள்கை ஏடே வெளியிட்டது. நோய் தீர்ந்திருந்தால் மருந்துச் சீட்டு எதற்கு? கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம் என்பதும், திருவிழாத் தேர் எந்தத் தெரு வரை போய்த் திரும்பும் என்பதும், மண்டகப்படி யாருக்கு என்பதும் எழுதப்படாத சட்டங்களாக இன்றும் உள்ள ஊர்கள் நமக்குத் தெரியும். கேட்டால் கிடைக்கும் பதில், "இது எங்கள் ஊர் வழக்கம், சாமி." சாஸ்திரியாரின் நான்காவது கோரிக்கை இன்னும் நம் பங்குகளில் கையெழுத்துக்காகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"அப்படியானால் இந்தக் கவிஞரைத் தூக்கி எறிந்துவிடலாமே" என்று இளைஞர் சிலர் கேட்பார்கள். அவர்களுடைய கோபத்தை மதிக்கிறோம், முடிவை ஏற்கமாட்டோம். இங்கே இங்கிலாந்தின் வரலாறு ஒன்று நமக்குப் பயன்படும். சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடிய அதே 1800இல்தான் வில்லியம் கூப்பர் என்னும் ஆங்கிலப் பக்திக் கவிஞர் இறந்தார். அவரும் நண்பர் ஜான் நியூட்டனும் சேர்ந்து இயற்றிய ஞானப்பாடல்கள் 1779இல் வெளிவந்தன. ஆங்கில உலகம் இன்றளவும் பாடுகிற பாடல்கள் அவற்றில் உண்டு. குருவாகுமுன் நியூட்டன் செய்த தொழில் என்ன? ஆப்பிரிக்காவிலிருந்து மனிதரை விலங்கிட்டு ஏற்றிச் சென்ற அடிமைக் கப்பலின் தலைவர் அவர். இறை அருளை அவ்வளவு உருகிப் பாடியவரின் கை அந்த வாணிபத்தில் கறைபட்ட கை.

ஆனால் நியூட்டன் 1788இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அடிமை வாணிபத்தில் தாம் கண்டதையும் செய்ததையும் எழுதி, அந்தத் தொழிலில் தாம் இருந்ததற்காக வெட்கப்படுவதாக உலகறிய அறிவித்தார். கூப்பரும் அதே ஆண்டில் அந்த வாணிபத்தை எதிர்த்துக் கவிதைகள் எழுதினார். ஆங்கிலக் கிறிஸ்தவர்கள் நியூட்டனின் பாடல்களைக் கைவிடவில்லை. அவருடைய குற்றத்தையும் மறைக்கவில்லை. பாடலையும் குற்ற அறிக்கையையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறார்கள். அதனால் பாடல் மெலிந்துவிடவில்லை. அருள் என்ற சொல்லுக்கு எடை கூடியது.

நாமும் அதைச் செய்ய முடியாதா? பெத்லகேம் குறவஞ்சியையும் 1829ஆம் ஆண்டு விண்ணப்பத்தையும் ஒரே மேசையில் வைப்போம். இரண்டையும் ஒரே மனிதர் எழுதினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். அவருடைய பாட்டு அவரைவிட உயர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்வோம். தூய ஆவியார் தந்த பாட்டு, பாடியவனுடைய சாதிக் கட்டையும் மீறிப் பாய்ந்தது என்பதில் கவிஞருக்கு இழுக்கு ஏதும் இல்லை. அணை கட்டியவன் மனத்தில் எந்த வயல் இருந்தாலும், காவிரி கடைமடை வரைக்கும் போவதற்காகவே வருகிறது.

விண்ணப்பத்தின் முதல் மூன்று கோரிக்கைகளை நாம் இரு கை நீட்டி ஏற்றுக்கொண்டோம். இன்று நம் ஆலயங்களில் பூவுண்டு; தமிழுண்டு; வீணையும் மிருதங்கமும் பல இடங்களில் உண்டு; பறையும் ஒலிக்கத் தொடங்கியிருக்கிறது. இதற்காக மகிழ்கிறோம். ஆனால் பறையைப் பீடத்தருகே ஏற்றிவிட்டு, அதை அடித்தவனின் தெருவுக்குத் தேரைத் திருப்பாமல் இருப்போமானால், நாம் செய்தது என்ன? ஏற்றக்காரனின் மெட்டை மீண்டும் ஒருமுறை எடுத்துக்கொண்டு, அவனை மீண்டும் ஒருமுறை வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

அடுத்த திருவிழாவுக்கு ஊர்க் கூட்டம் கூடும்போது, பூவுக்கும் மேளத்துக்கும் வரி பிரிப்பது பற்றிப் பேசி முடித்த பின், ஒருவராவது எழுந்து ஒரு கேள்வி கேட்கட்டும்: தேர் இந்த ஆண்டு எந்தத் தெரு வரை போகும்? அந்தக் கேள்விக்கு நம் பங்கு தரும் பதிலில்தான், பெத்லகேமின் தலைவன் நம் ஊரில் உலா வந்தாரா இல்லையா என்பது தெரியும்.